முஸீபத்தை மீன் வாங்கிக்கொள்ளுமா?



நம் வீடுகளின் வரவேற்பறைகளில் மீன் தொட்டிகள் பெருகிவருகின்றன. பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். அதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தொட்டியில் ஒரு மீன் செத்து மிதக்கும்போது நம்மவர் நாவில் வரும் ஒரு சொல்லைப் பற்றியே எழுத வந்தேன். "வீட்டுக்கு வரவிருந்த முஸீபத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்கிறார்கள். ஐந்து வேளையும் தொழுகிற, ரமளானில் ஒரு நோன்பையும் விடாத வீடுகளில் இச்சொல்லை நான் கேட்டிருக்கிறேன். சிலர் அதற்கு முன்னால் "அல்ஹம்துலில்லாஹ்" என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு குற்றங்கள் அடங்கியுள்ளன. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகின்றன என்ற ஈமானுக்கு முரணான நம்பிக்கை ஒன்று. அந்த உயிரைக் கொன்றது யார் என்பதை மறைத்துவிடும் தந்திரம் மற்றொன்று. முதலாவதைக் கண்டித்து ஜும்ஆ பயான்களில் பேசுவோர் உண்டு. இரண்டாவதைப் பேசுவோர் அரிது. ஆனால் முதலாவது நிலைத்திருப்பதே இரண்டாவதன் துணையால்தான் என்பது என் கருத்து.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சீனர்களின் ஃபெங்சுயி என்னும் சகுன சாத்திரத்திலிருந்து வந்தது. எட்டுச் சிவப்பு மீன், ஒரு கறுப்பு மீன், ஆக மொத்தம் ஒன்பது என்பது அதன் கணக்கு. சிவப்பு செல்வத்தை அழைக்குமாம், கறுப்பு தீமையை உறிஞ்சிக்கொள்ளுமாம். நம் நாட்டில் அது வாஸ்துவோடு கைகோத்துக்கொண்டது. இன்று மீன் கடைகளில் "வாஸ்து மீன்" என்றே எழுதிவைத்து விற்கிறார்கள். விற்பவரைக் குறை சொல்வதில் பயனில்லை, கேட்பவர் இருப்பதால் விற்கிறார். வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட மறுக்கிற நம் சகோதரர், வரவேற்பறையின் குறிப்பிட்ட மூலையில் ஒன்பது மீன்களை எண்ணிவைப்பது எப்படி என்பதுதான் என் கேள்வி. கயிற்றில் தொங்கினால் சகுனம், கண்ணாடிக்குள் நீந்தினால் அலங்காரமா?

சகுனம் பார்ப்பது ஷிர்க்கைச் சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குர்ஆன் வசனம் எழுதிய தாயத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் இப்போது நுழையவில்லை. ஆனால் உயிருள்ள ஒரு மீனைத் தாயத்தாக்கிக்கொள்ள அனுமதித்த ஆலிம் எவரையும் நான் அறிந்ததில்லை.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் இருக்கும் எந்தத் தந்தைக்கும் ஆறுதல் தரக்கூடிய பேச்சு அது. ஆனாலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்த வேளையிலேயே விளக்கினார்கள். நடந்த ஒன்றுக்கு அதனோடு தொடர்பில்லாத காரணத்தைக் கற்பிக்கக் கூடாது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்? வானத்துச் சூரியனுக்கே பொருந்தாத கற்பனை, இருபது ரூபாய் தங்கமீனுக்கு எப்படிப் பொருந்தும்?

இனி, மீன் உண்மையில் எதனால் சாகிறது என்று பார்ப்போம்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உண்ணாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். குளத்திலும் ஆற்றிலும் அது கரைந்து சிதைந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அல்லாஹ் இதற்கும் ஒரு பணியாளரைப் படைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவொட்டாமல் செய்துவிடும். மற்றொரு வகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் பரப்பிய கற்களிலும் ஒட்டி வளர்கின்றன. அவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தொட்டி வாங்குகிறோம். மஃரிபுக்குள் குழாய் நீரை நிரப்புகிறோம். இஷாவுக்குள் ஒன்பது மீன்களையும் விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி தீனி போடுகிறார்கள். முதல் இரண்டு நாட்கள் ஆரவாரம். அடுத்த சில நாட்களில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளக்கின்றன. ஒரு வாரத்துக்குள் ஒன்று மிதக்கிறது. உடனே தொட்டியைக் கவிழ்த்து, கற்களையும் பஞ்சையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புகிறோம். அந்த ஒரு வாரத்தில் முளைக்கத் தொடங்கியிருந்த பாக்டீரியாவும் அதோடு போயிற்று. மறுவாரம் இன்னொன்று மிதக்கிறது. இதில் முஸீபத் எங்கே வந்தது? அம்மோனியாதான் வந்தது. அதைக் கொண்டுவந்தது நம் அவசரம்.

அந்தக் கறுப்பு மீனின் கதை இதைவிட வருத்தத்துக்குரியது. எட்டுச் சிவப்போடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைக் கறுப்பு பெரும்பாலும் "பிளாக் மூர்" எனப்படும் தங்கமீன் வகை. அதன் கண்கள் வெளியே பிதுங்கியிருக்கும். பார்வை மங்கல். உருண்ட உடலும் இரட்டை வாலும் கொண்டிருப்பதால் மெதுவாகவே நீந்தும். ஒல்லியான உடலும் ஒற்றை வாலும் உடைய விரைவான மீன்களோடு அதைச் சேர்த்துவிட்டால், அது தீனியைக் கண்டு வந்து சேருமுன் மற்றவை தின்றுமுடித்திருக்கும். துருத்திய கண்கள் கல்லிலும் அலங்காரப் பொருளிலும் உரசிப் புண்ணாகும். ஆகவே நெருக்கடியான தொட்டியில் அது முதலில் சாவது வியப்பன்று. அதைத்தான் "கறுப்பு மீன் தீமையை வாங்கிக்கொண்டது" என்று கதை கட்டினார்கள். பலவீனமான ஒன்றைப் போட்டியில் தள்ளி, அது தோற்றதும் அதன் சாவுக்குப் புனிதப் பெயர் சூட்டுகிறோம். பிறகு வேறொரு கறுப்பு மீன் வாங்கி வந்து ஒன்பதை நிறைவு செய்கிறோம்!

தங்கமீன் ஒன்றும் சிறிய மீனன்று. நல்ல இடமும் நல்ல நீரும் கிடைத்தால் ஒரு சாண் அளவுக்கு வளரும், பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அது நிறையத் தின்னும், நிறையக் கழிவை வெளியேற்றும். குளிர்ந்த நீரை விரும்பும். நம் ஊரின் சித்திரை வெயிலில் 32 டிகிரி நீரில் அது தவிக்கும், ஏனெனில் நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் ஏறத்தாழ 55 லிட்டர்தான் கொள்ளும். ஒரு தங்கமீனுக்கே 40 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும் என்பார்கள் வளர்த்து அனுபவப்பட்டவர்கள். அதில் ஒன்பதை அடைப்பது, ஓர் ஆட்டோவில் ஒன்பது பேரை ஏற்றி வாழ்நாள் முழுவதும் இறங்கவிடாமல் வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

"மீன்தானே ஹஜ்ரத்! நாம் தினமும் குழம்பு வைத்து உண்ணவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்கிறோம், ஏனெனில் அதை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கினான். ஆனால் உண்ண அனுமதித்த மார்க்கமே, அறுக்கும் பிராணியை வதைக்காதே, கத்தியைக் கூர்மையாக்கிக்கொள், அதற்கு எளிதாக்கு என்றும் கட்டளையிட்டுள்ளது. தேவைக்காக ஓர் உயிரை எடுப்பது வேறு. கண்ணுக்கு விருந்தாக அடைத்துவைத்து, கவனியாமல் நாளுக்கு நாள் நஞ்சூட்டிச் சாகடிப்பது வேறு. முந்தையதை அனுமதி என்று காட்டிப் பிந்தையதை நியாயப்படுத்துவோர், ஆட்டிறைச்சி ஹலால் என்பதால் ஆட்டைப் பட்டினி போட்டுக் கொல்வதும் ஹலால் என்று சொல்வார்களா?

பூனையின் காரணமாக நரகம் சென்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை மக்தபில் ஓதிய ஒவ்வொரு பிள்ளையும் அறியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இடம்பெற்றுள்ளது. அந்தப் பெண் பூனையை அடித்துக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடைத்துவைத்தாள். உணவளிக்கவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. அடைத்தவர் மீது அடைபட்டதன் தேவைகள் அனைத்தும் கடமையாகிவிடுகின்றன என்பதே இதிலிருந்து நாம் பெறும் சட்டம். பூனைக்குத் தேவை உணவும் தண்ணீரும். மீனின் தேவை என்ன? தீனியை நாம் அளவுக்கு மீறியே போடுகிறோம். ஆனால் அது மூச்சு விடும் நீரைக் கெடுத்துவிடுகிறோம். நஞ்சு கலந்த நீரில் மீனை அடைப்பது, புகை நிறைந்த அறையில் ஒருவரைப் பூட்டிவிட்டுச் சன்னல் வழியாகப் பிரியாணிப் பொட்டலம் நீட்டுவது போன்றது.

ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. உரிமையாளரை அழைத்து, நீர் இதைப் பசியில் வாட்டி வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிட்டது என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. மீனுக்குக் கண்ணீரும் இல்லை, குரலும் இல்லை. நீரின் மேல்மட்டத்தில் வாய் பிளப்பதும், மூலையில் ஒடுங்குவதும், துடுப்புகளை மடக்கிக்கொள்வதும்தான் அதன் முறையீடு. "பாருங்கள், மீன் நமக்கு முத்தம் கொடுக்கிறது!" என்று சிரித்தபடி அதைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் மீன் வளர்ப்பதே கூடாது என்று சொல்லிவிடலாமே" என்று எண்ணும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். மார்க்கம் தடுக்காததைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அக்குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, அதற்கு என்ன ஆயிற்று என்று அச்சிறுவரிடம் அன்போடும் வேடிக்கையோடும் விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60-க்கும் மேற்பட்ட சட்டங்களையும் படிப்பினைகளையும் எடுத்துக்காட்டினார் இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர். பறவை வளர்க்கும் அனுமதி அவற்றுள் ஒன்று. மீனையும் உலமாக்கள் அதே வரிசையில்தான் வைக்கிறார்கள். எனக்கு இதில் மற்றொரு செய்தியும் தென்படுகிறது. வீட்டில் வளர்த்த உயிர் இறந்தது, குழந்தை வருந்தியது. அங்கே "பலா நீங்கியது" என்ற பேச்சு இல்லை. குழந்தையின் துயரத்தை மதித்த விசாரிப்பே இருந்தது. நாமோ மீனுக்காக அழும் பிள்ளையிடம், "அழாதே, அது நமக்கு நல்லதுதான் செய்தது, வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்கிறோம். அந்தப் பிள்ளையின் ஈரமான உள்ளத்தில் மூடநம்பிக்கையையும் அலட்சியத்தையும் ஒருசேர விதைத்துவிடுகிறோம்.

பிள்ளைகள் என்றதும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு மக்தபின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். கிராஅத் போட்டியில் வென்ற சிறுவர்களுக்கு, உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் குவளையில் ஆளுக்கொரு "ஃபைட்டர்" மீனைப் பரிசாகக் கொடுத்தார்கள். மேடையில் ஓதப்பட்டது அல்லாஹ்வின் வேதம், கையில் கொடுக்கப்பட்டது அவன் படைப்பின் தூக்குத்தண்டனை. மே மாத வெயிலில், ஒலிபெருக்கியின் அதிர்வுக்கு நடுவே இரண்டு மணி நேரம் அந்தக் குவளைகள் மேசையில் வரிசையாக நின்றன. ஏற்பாட்டாளர்களிடம் கேட்டபோது, "இந்த மீனுக்குச் சிறிய இடமே போதுமாம், கடைக்காரர் சொன்னார்" என்றார்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி மட்டுமே உண்மை. தாய்லாந்துப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மீனுக்குச் செவுளோடு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்றும் உண்டு. ஆகவே ஆக்சிஜன் குறைந்த நீரிலும் உடனே சாகாது. உடனே சாகாது என்பதற்கு வாழும் என்று பொருளாகாது. அதன் தாயகத்து வயல்களும் ஓடைகளும் ஆழமற்றவை, ஆனால் பரந்தவை. குறைந்தது 15 முதல் 20 லிட்டர் நீரும் ஒரு சிறு வடிகட்டியும் ஒளிந்துகொள்ளச் செடியும் அதற்கு வேண்டும். இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அதற்காகவே பக்கத்துப் பக்கத்துக் குவளைகளில் வைத்து அவை சீறுவதை வேடிக்கை பார்க்கும் வழக்கமும் உண்டு. பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அறிவிப்பு உள்ளது. மீன்களைச் சீறவைத்து ரசிப்பதை அந்தத் தடையிலிருந்து எந்த நியாயத்தால் விலக்குவோம்?

வலீமா விருந்து மேசைகளில் பூக்குடுவைக்குப் பதிலாக மீன்குடுவை வைக்கும் புது நாகரிகத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேசைக்கொரு குடுவை, குடுவைக்கு இரண்டு மீன். விருந்து முடிந்த பின் அவை எங்கே போகின்றன என்று மண்டபத்தைக் கழுவுகிற தாய்மாரைக் கேளுங்கள். ஒரு புதுக் குடும்பத்தின் முதல் விருந்தில் பரக்கத்தை வேண்டிக் கையேந்துகிறோம், அதே மேசையில் இந்த வதையையும் நடத்துகிறோம்.

சாயமேற்றிய மீன்களை வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் கண்ணாடி மீன் ஒன்றுண்டு. அதன் உடல் ஊடே எலும்பு தெரியும். அல்லாஹ் தந்த அந்த அழகு போதாதென்று, ஊசியால் உடலுக்குள் நிறச்சாயம் ஏற்றி விற்கிறார்கள். அந்த ஊசியிலேயே பல இறந்துவிடும். பிழைத்தவற்றின் நிறமும் சில மாதங்களில் மங்கிவிடும். வேறு சில மீன்களின் உடலில் எழுத்தும் இதய வடிவமும் பொறிப்பது உண்டு. அல்லாஹ்வின் படைப்பைச் சிதைத்து மாற்றுவது ஷைத்தானின் தூண்டுதல் என்று நிஸா அத்தியாயம் எச்சரிப்பதை ஓதிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தலையில் திமில் போன்ற புடைப்புடைய "ஃபிளவர் ஹார்ன்" என்ற கலப்பின மீனையும் அதிர்ஷ்டப் பெயரால்தான் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அதன் உடல் புள்ளிகளில் சீன எழுத்தைத் தேடியவர்கள் போக, "அல்லாஹ்" என்ற பெயரைத் தேடுபவர்களும் நம்மில் தோன்றிவிட்டார்கள். அவன் பெயரை மீனின் செதிலில் தேட வேண்டிய நிலையில் அவன் நம்மை விட்டுவைக்கவில்லை, சகோதரர்களே.

சரி, வளர்க்க விரும்புவோர் என்ன செய்ய வேண்டும்? இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் கண்டனத்தை மட்டும் எழுதிவிட்டு வழியைக் காட்டாமல் போவது பயானுக்கு அழகன்று.

முதலில் தொட்டியை வாங்குங்கள், மீனைப் பிறகு வாங்குங்கள். இடைவெளி ஒரு மாதம் இருக்கட்டும். பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள் என்பீர்கள். பொறுமையைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எது? சிறிய தொட்டியைக் காட்டிலும் பெரியதைப் பராமரிப்பதே எளிது, நீர் அதிகமிருந்தால் நஞ்சு மெதுவாகவே சேரும். புதிதாகத் தொடங்குவோர் இரண்டடித் தொட்டிக்குக் குறையாமல் எடுங்கள். நிரப்பியபின் அது கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 60 கிலோவைத் தாண்டும், ஆகவே ஆட்டம் காணாத உறுதியான மேசை வேண்டும். சன்னல் வெயில் நேரே படும் இடம் வேண்டாம். நீர் சூடேறும், பாசி பிடிக்கும். வீட்டில் தொழும் இடத்துக்கு முன்னால், கிப்லா திசையிலும் வைக்காதீர்கள். வேலைப்பாடுள்ள ஆடை ஒன்று தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிய செய்தியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நீந்தும் மீன் ஆடையைவிட அதிகமாகவே கவனத்தைக் கவரும். ஆனால் தொட்டி உள்ள அறைக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஹதீஸ் பேசுவது நாயையும் உருவப்படத்தையும் பற்றி.

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது கிருமிகளைக் கொல்வது போலவே நாம் வளர்க்க விரும்பும் பாக்டீரியாவையும் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தாலோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டுகள் விட்டாலோ அது நீங்கும். பஞ்சு வடிகட்டியைத் தொட்டியில் பொருத்தி நாள் முழுவதும் ஓடவிடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் நிறுத்தாதீர்கள், அந்தச் சிறு மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. நிறுத்தினால் பஞ்சில் வாழும் பாக்டீரியா ஆக்சிஜன் இன்றி மடியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி ஒன்று உறவினர் வீட்டில் இருந்தால் அங்கிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். வேலை விரைவில் முடியும்.

எந்த மீன்? நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது, உப்புச்சத்து மிகுந்தது. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு அது ஒத்துவரும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை தென் அமெரிக்க மென்னீர் மீன்கள், அழகைக் கண்டு மயங்கி வாங்கினால் நம் நீரில் அவை படாதபாடு படும். சென்னை கொளத்தூரின் மீன் சந்தையில் நூறு வகை மீன்களையும் ஒரே தெருவில் பார்க்கலாம். கால் போன போக்கில் வாங்காமல், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எதனோடு சேரும் என்று கேட்டு வாங்குங்கள். முதல் தடவை நான்கைந்து சிறு மீன்கள் போதும். கடைப் பையோடு தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, நீரின் சூடு சமமானபின் விடுங்கள்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை அல்லது இரு வேளை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். இந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே கொடுங்கள், ஆளுக்கொரு பிடி போடுவதால்தான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. வாரம் ஒரு முறை கால்வாசி நீரை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள். முழுவதையும் ஒருபோதும் மாற்ற வேண்டாம். வடிகட்டிப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்த நீரிலேயே பிழிந்தெடுங்கள். சோப்பு தொட்டியின் பக்கமே வரக் கூடாது. எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் உள்ள நைட்ரேட் செடிகளுக்கு உரம். முருங்கையும் மல்லிகையும் நன்றாகவே வளரும்.

ஒரு வாரம் வெளியூர் போவதென்றால் வளர்ந்த மீன்கள் தீனியின்றியே தாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அது பாதுகாப்பானது. உம்ரா போன்ற நீண்ட பயணம் என்றால், கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பது போலவே தொட்டியையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதுவும் ஓர் அமானிதம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். மேற்சொன்னபடி வளர்ப்பது பெருஞ்செலவன்று. சுவர் முழுவதும் கண்ணாடி, இலட்சக்கணக்கில் அரோவானா என்று போவது விருந்தினருக்குக் காட்டும் பெருமையே தவிர மீன் மீதுள்ள பிரியமன்று. இஸ்ராஃபின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று அவரவர் மனசாட்சியே அறியும்.

சலித்துப்போனவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. "விடுதலை செய்கிறோம், நன்மை கிடைக்கும்" என்ற நிய்யத்தோடு மீன்களை ஊர்க் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் "சக்கர்" மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளம் இருப்பது ஓரடிக்கும் மேல் வளரும். இப்படி விடப்பட்டவை நம் ஏரிகளில் பெருகி, கரையைத் துளைத்து, உள்நாட்டு மீன்களின் இரையைப் பறித்து, முள்ளுடலால் மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன. ஒரு மீனுக்குச் செய்த இரக்கம் ஒரு குளத்துக்கே கேடாக முடிகிறது. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் பணம் இல்லாமல் வாங்கிக்கொள்வார்கள். அல்லது முறையாக வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

மீன் செத்துக் கிடந்த தொட்டி நீர் கையிலோ உடையிலோ பட்டுவிட்டால் தொழலாமா என்று தாய்மார்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். இறந்த மீன் நஜீஸ் அன்று, ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அப்படியே. அதைத் தொட்டதற்காகக் குளிக்கவோ உடையை மாற்றவோ தேவையில்லை. வாடை போகக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இறந்த மீனை உடனே எடுத்துத் தோட்டத்து மண்ணில் புதையுங்கள், நேரமாக ஆக அதுவே அழுகி மற்ற மீன்களுக்கு அம்மோனியாவாகும். அன்றே கால்வாசி நீரை மாற்றுங்கள். அன்று தீனி வேண்டாம். பிள்ளைகள் அருகில் நின்று பார்த்தால், எதனால் செத்தது என்று கேட்டால், உள்ளபடி சொல்லுங்கள்.